வடிகஞ்சி

எப்படி ஆச்சு என்று கேட்டார்கள்.
ஆம்புலன்ஸில் ஊசி ஏற்றிய பையன் கேட்டான், சொன்னேன்.
திருவாரூர் ஆஸ்பத்திரியில்
சீட்டு எழுதியவர் நிமிராமல் கேட்டார், சொன்னேன்.
புறக்காவல் நிலையத்து ஏட்டம்மா
கல்யாணமான வருஷம், போட்ட நகை,
மாமியார் எப்படி, எல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டாள்.
அறுப்பு மிஷினோடு அறந்தாங்கிப் பக்கம் போயிருந்த செங்கதிர்
போனில் ஒன்றும் கேட்கவில்லை,
மூச்சுச் சத்தம் மட்டும்.
அவனுக்கும் சொன்னேன்.

சொல்லச் சொல்லச் சுருங்கிக்கொண்டே வந்தது.
கடைசியில் நான்கு சொல்:
கஞ்சி. ஸ்டூல். இழுத்துட்டா. நான்தான்.

சீட்டில் அதுவும் இல்லை.
சூடான திரவம் என்றிருக்கிறது.
நிறைமதி, பெண், பத்து மாதம்.
மார்பும் இடது கையும்
பதினான்கு சதவீதம்.

திரவம் இல்லை சிஸ்டர், கஞ்சி.
தண்ணீர் என்றால் வழிந்து போயிருக்கும்.
கஞ்சி ஒட்டும்,
உலையின் சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும்.
கரைவேட்டிக்குக் கஞ்சி போட்டால் விறைத்து நிற்குமே,
அப்படித்தான் நின்றது அவள் கவுன்
தோலோடு சேர்ந்து.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் நல்லவர்கள்.
குணவதி அக்கா பேஸ்ட் டியூபைப் பிதுக்கிக்கொண்டே வந்தாள்.
எதிர்வீட்டிலிருந்து தோசைமாவு கிண்ணத்தோடு வந்தது.
யாரோ இங்க் கேட்டார்கள், இப்போது யார் வீட்டில் இங்க் இருக்கிறது.
தண்ணி படக்கூடாது, கொப்புளம் போடும்
என்றது ஒரு குரல்.
என் குரலாகவும் இருக்கலாம்.

கொல்லைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்.
மேட்டூரில் திறந்தது கல்லணை தாண்டி
வெட்டாற்றில் பிரிந்து எங்கள் மதகு வரை வந்து
கரையை நக்கிக்கொண்டு போனது.
இந்தத் தண்ணீருக்காகப் போன வருஷம் சாலை மறியல்.
நிறைமாசத்தோடு நானும் உட்கார்ந்திருந்தேன்,
தார் சுட்டது, எழுந்திருக்கவில்லை.
அன்றைக்குத் தெருக்குழாயிலும் தண்ணீர் வந்தது.
யாருடைய குடமோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

சகாயராணி சிஸ்டர்
காய்ந்த மாவை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.
மாவோடு வந்ததை எனக்குக் காட்டவில்லை.
குழாயைத் தொறந்து இருவது நிமிஷம்
சும்மா புடிச்சிருந்தா போதும்மா என்றாள்,
திட்டுவதுபோல இல்லாமல்,
பஸ் இப்போதுதான் போனது என்று சொல்வதுபோல.

இருபது நிமிஷம்.
ஆட்டோவுக்கு அலைந்தது மட்டுமே அரை மணி.

யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது.

அவள் அதுவரை எழுந்து நின்றதே இல்லை.
தவழ்வாள், குண்டி தேய்த்து நகர்வாள், அவ்வளவுதான்.
குணவதி அக்கா பேரன் எட்டாம் மாசமே நின்றுவிட்டான்.
தினமும் அந்தப் பேச்சு.
கேழ்வரகு கொடு, எண்ணெய் தேய், வெயிலில் போடு.
எல்லாம் செய்தேன்.
கால்களைப் பிடித்து
நில்லும்மா நில்லும்மா என்று கெஞ்சியிருக்கிறேன்.

சோற்றை வடித்துவிட்டு
கஞ்சிக் குண்டானை ஸ்டூலில் வைத்தேன்.
எட்டாது என்றுதான் வைத்தேன்.
பிடிதுணி ஓரமாய்த் தொங்கியது.
மிளகாய் கிள்ளத் திரும்பினேன், இரண்டு மிளகாய்.
திரும்பிப் பார்த்தால்
ஸ்டூல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
முழங்கால் நடுங்குகிறது,
இரண்டு பாதமும் தரையில் அழுந்தியிருக்கிறது,
என்னைப் பார்த்து வாயெல்லாம் எச்சில்.

நான் சிரித்தேன்.
கத்தவில்லை, பாயவில்லை.
சிரித்தேன் சிஸ்டர்.
அவளும் சிரித்து
கை தட்டத்தான் கையை எடுத்தாள்,
சாய்ந்தாள்,
துணி கைக்கு வந்தது.

இதை ஏட்டம்மாவிடம் சொல்லவில்லை.
செங்கதிரிடம் சொல்லவில்லை.
சிஸ்டரிடமும் இப்போது வாய்க்குள்தான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள்
குழந்தை டாக்டர் அனுப்பிய இன்னொரு தாளோடு வந்தாள்.
தலை நிக்குதா?
ம்.
உக்காருவாளா?
ம்.
புடிச்சிக்கிட்டு நிப்பாளா?

நிப்பா.

எப்பலேர்ந்து?

வெள்ளிக்கிழமை, காலையில, பத்தரைக்கு.

பேனா எழுதப் போனது,
போகாமல்
தாளின் மேல்முனைக்குத் திரும்பியது,
சேர்த்த தேதி இருந்த இடத்துக்கு.